அணைந்திருக்கிறது, அழியவில்லை

பிளேட் முழுக்க வெள்ளை. ஒரு நீலப் புள்ளிகூட இல்லை.

ஆய்வகத்தில் சேர்ந்து மூன்றாவது வாரம் அது. காலையில் முதல் ஆளாக வந்து இன்குபேட்டரைத் திறந்து, பிளேட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட பாக்டீரியா காலனிகள், அத்தனையும் வெள்ளை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏன் அவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மரபணுத் துண்டைப் பாக்டீரியாவுக்குள் அனுப்ப வேண்டும் என்றால், பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தை வெட்டி, அதில் துண்டை ஒட்டி அனுப்புவோம். வெட்டும் இடம் லாக்-இசட் என்ற மரபணுவின் நடுவில் இருக்கும். துண்டு ஒட்டிக்கொண்டால் லாக்-இசட் கெட்டுப்போகும். துண்டு ஒட்டாமல் வளையம் சும்மா மூடிக்கொண்டால் லாக்-இசட் முழுதாக இருக்கும். அது உண்டாக்கும் நொதி, பிளேட்டில் கலந்திருக்கும் எக்ஸ்-கால் என்ற பொருளை வெட்டி நீலமாக்கும். ஆக, நீலம் வந்தால் துண்டு உள்ளே போகவில்லை. வெள்ளை வந்தால் போயிருக்கிறது. இரண்டும் கலந்து வருவதுதான் வழக்கம். எனக்கோ நூற்றுக்கு நூறு.

பக்கத்து மேசை அக்கா, ஆராய்ச்சியில் என்னைவிட நான்கு வருடம் மூத்தவர், பிளேட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்தார்.

"ஐபிடிஜி போட்டியாம்மா?"

"எக்ஸ்-கால் போட்டேங்க்கா."

"நான் கேட்டது ஐபிடிஜி."

ஐபிடிஜி என்பது லாக்-இசட்டை ஓடவைக்கும் பொருள். ஃப்ரீசரில் அதன் குழாய் திறக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"மரபணு கெட்டிருந்தாலும் வெள்ளைதான். மரபணு நல்லா இருந்து வேலை செய்யாம இருந்தாலும் வெள்ளைதான். இதுல எது எதுன்னு யாரு சொல்ல முடியும்?" என்று கேட்டுவிட்டு, தூக்கிப் போடவும் விடவில்லை. சுத்திகரித்த பல்குச்சிகளை எடுத்துக்கொடுத்து, இருபது காலனிகளைத் தொட்டு, ஐபிடிஜி போட்ட புதுப் பிளேட்டில் இருபது புள்ளியாக வைக்கச் சொன்னார். "நாளைக்குப் பார்."

இது நடந்து பல வருடம் ஆகிறது. ஆய்வகத்தை விட்டும் வந்துவிட்டேன். ஆனால் மரபணு பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த வெள்ளைப் பிளேட்டுதான் நினைவுக்கு வரும். 'அவரிடம் அந்த மரபணு இருக்கிறது' என்று செய்தித்தாள் எழுதும்போதெல்லாம், 'இருக்கிறது, சரி, ஓடுகிறதா?' என்று மனம் கேட்கும். மரபணு இருப்பது வேறு, அது வாசிக்கப்படுவது வேறு. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரியாகக் கடந்துபோகும். எனக்கு அது உறைக்க ஒரு பிளேட் வீணாக வேண்டியிருந்தது.

வாசிப்பு என்றால் என்ன என்பதை முதலில் பார்க்கலாம். டிஎன்ஏ ஒரு முறுக்கிய ஏணி. அதன் ஒரு புரியில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து, அதற்கு இணையான ஆர்என்ஏ இழையைக் கோப்பதைப் படியெடுத்தல் என்கிறோம். அந்தப் படியைப் பார்த்துத்தான் செல் புரதத்தைச் செய்யும். கோப்பது ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி. நம் செல்களில் மூன்று வகைப் பாலிமரேஸ்கள் உண்டு. புரதங்களுக்கான மரபணுக்களைப் படியெடுப்பது இரண்டாம் எண். ஏணியைப் பத்துப் பன்னிரண்டு படி நீளத்துக்குப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துக்கொண்டே முன்னால் போகும். பின்னால் ஏணி மறுபடி மூடிக்கொள்ளும். வேகம் நிமிடத்துக்கு இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் எழுத்து வரை. கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் தசைகளுக்குத் தேவையான டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தின் மரபணு ஏறக்குறைய 22 லட்சம் எழுத்து நீளம். ஒரு பாலிமரேஸ் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்க 16 மணி நேரம் ஆகிறது. அத்தனை பாடுபட்டு எடுத்த படியில் கடைசியில் மிஞ்சுவது சுமார் 14,000 எழுத்து. மற்றதெல்லாம் நடுவில் வெட்டி எறியப்படும். இப்படி வெட்டி ஒட்டுவது நடக்கிறது என்பதே 1977 வரை யாருக்கும் தெரியாது.

இந்தப் பாலிமரேஸை நிறுத்தினால் என்ன ஆகும்? 'டெத் கேப்' என்று அழைக்கப்படும் காளானின் நஞ்சு செய்வது அதைத்தான். ஆல்ஃபா-அமானிடின் என்ற அந்த நஞ்சு இரண்டாம் எண் பாலிமரேஸைப் பிடித்துக்கொள்ளும். பழைய படிகள் தீரும்வரை செல் ஓடும். அப்புறம் புதிய புரதத்துக்கு வழியில்லை. கல்லீரல் நாட்கணக்கில் மெல்ல மெல்ல அழிகிறது.

மனித மரபணுத்தொகையில் சுமார் 310 கோடி எழுத்துகள். புரதத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. புரதமாக மாறும் எழுத்துகளை மட்டும் கூட்டினால் மொத்தத்தில் இரண்டு சதவீதம்கூடத் தேறாது. கண்ணில் இருக்கும் செல்லிலும், ஈரலில் இருக்கும் செல்லிலும், தோலில் இருக்கும் செல்லிலும் இதே தொகைதான் இருக்கிறது. முதிர்ந்த சிவப்பணு போன்ற சில விதிவிலக்குகளை விட்டுவிடுங்கள். அப்படியென்றால் ஈரல் ஏன் பார்ப்பதில்லை?

ஒரு காலத்தில் இதற்குச் சொல்லப்பட்ட விடை நேரடியானது: வளர வளர ஒவ்வொரு செல்லும் தனக்குத் தேவையில்லாத மரபணுக்களை இழந்துவிடுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தேவையில்லாததைச் சுமப்பானேன்?

1962-இல் ஜான் கர்டன் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டையில் இருந்த உட்கருவைச் செயலிழக்கச் செய்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை வைத்தார். பெரும்பாலான முயற்சிகள் தோற்றன. ஆனால் சில முட்டைகள் வளர்ந்து தலைப்பிரட்டை ஆயின. குடல் செல்லின் உட்கருவிலிருந்து கண்ணும் மூளையும் இதயமும் உள்ள முழு உயிர்! குடலுக்குக் கண்ணின் மரபணு எதற்கு? எதற்கும் இல்லை. இருந்தாலும் அது அங்கே பத்திரமாக இருந்தது. அணைந்திருந்தது, அவ்வளவுதான்.

கர்டனுக்கு இதற்காக நோபல் பரிசு கிடைத்தது 2012-இல், சரியாக ஐம்பது வருடம் கழித்து. கூடவே ஷின்யா யமனாகாவுக்கும். யமனாகாவின் குழு 2006-இல் முட்டையே இல்லாமல் அதே காரியத்தைச் செய்துகாட்டியது. எலியின் சாதாரணத் தோல் செல்களில் 24 மரபணுக்களை ஒன்றாக நுழைத்துப் பார்த்தார்கள். சில செல்கள் கரு நிலைக்குத் திரும்பின. பிறகு 24-இல் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, கடைசியில் நான்கே போதும் என்று கண்டார்கள். அந்த நான்கும் மற்ற மரபணுக்களின் அருகே போய் உட்கார்ந்து வாசிப்பைத் தூண்டவோ நிறுத்தவோ செய்யும் புரதங்களுக்கானவை. இப்படிப்பட்ட புரதங்கள் மனிதரில் சுமார் 1,600 இருக்கின்றன.

அணைத்து வைப்பது எப்படி? இங்கேதான் என் ஐபிடிஜி குழாய் வருகிறது. கதை பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

ழாக் மோனோ இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். குளுக்கோஸும் பால் சர்க்கரையான லாக்டோஸும் கொடுத்தால், ஈ.கோலை முதலில் குளுக்கோஸை மட்டும் தின்று பெருகும். அது தீர்ந்ததும் வளர்ச்சி நிற்கும். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு மறுபடி வளரத் தொடங்கும், இந்த முறை லாக்டோஸில். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு படிக்கட்டும் நடுவில் ஒரு சமதளமும் தெரியும். லாக்டோஸை உடைக்கும் நொதி (என் பிளேட்டில் லாக்-இசட் உண்டாக்க வேண்டிய அதே நொதிதான்) தேவைப்படும்போது மட்டும் உண்டாகிறது என்பது புரிந்தது. தேவை என்று பாக்டீரியாவுக்கு யார் சொல்வது?

எல்லாரும் எதிர்பார்த்த விடை, லாக்டோஸ் வந்து மரபணுவைத் தூண்டுகிறது என்பது. மோனோவும் அப்படித்தான் நினைத்தார். இல்லை, லாக்டோஸ் ஒரு தடையை நீக்குகிறது, அவ்வளவுதான் என்று யோசிக்கத் தூண்டியவர்களில் ஒருவர் லியோ சிலார்ட். அணுக்கருத் தொடர்வினையை முதலில் கற்பனை செய்த அதே இயற்பியலாளர்தான். அப்போது உயிரியலுக்கு வந்திருந்தார். மோனோ தன் நோபல் உரையில் அவருக்கு நன்றியோடு பங்கு கொடுக்கிறார்.

அதே கட்டடத்தில், அதே தாழ்வாரத்தின் மறுமுனையில் இருந்தவர் ஃபிரான்சுவா ஜாகோப். அறுவை மருத்துவராக ஆசைப்பட்டவர். 1944-இல் நார்மண்டியில் குண்டுவீச்சில் படுகாயம் அடைந்ததால் அந்த வழி அடைபட்டு, ஆராய்ச்சிக்கு வந்தவர். பாக்டீரியாவின் மரபணுத்தொகைக்குள் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும் லாம்டா என்ற வைரஸை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1958-இல் மனைவியோடு திரையரங்கில் உட்கார்ந்திருந்தபோது, திரையில் ஓடுவதை விட்டு மனம் எங்கோ போய், அந்த வைரஸ் அடங்கிக் கிடப்பதும் லாக்டோஸ் நொதி அடங்கிக் கிடப்பதும் ஒரே சங்கதி என்று பட்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் ஏதோ ஒன்று டிஎன்ஏ மேல் நேரடியாக உட்கார்ந்து வாசிப்பைத் தடுக்கிறது.

ஆர்தர் பார்டியோடு சேர்ந்து அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சில பிறழ்வுப் பாக்டீரியாக்கள் லாக்டோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொதியை ஓயாமல் செய்துகொண்டே இருக்கும். 'ஐ' என்று பெயரிட்ட ஒரு மரபணு அவற்றில் கெட்டிருக்கும். இப்போது, நொதி மரபணுவும் ஐ மரபணுவும் இரண்டுமே கெட்டுப்போன ஒரு பாக்டீரியாவுக்குள், இரண்டும் நல்ல நிலையில் உள்ள டிஎன்ஏவை இணைசேர்க்கை மூலம் அனுப்பினார்கள். லாக்டோஸ் கொடுக்கவில்லை. உள்ளே போன உடனே நொதி உண்டாக ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே ஓடியது. பிறகு நின்றுவிட்டது.

ஏன் நின்றது? உள்ளே போன நல்ல ஐ மரபணு, புதிய வீட்டில் தன் பொருளைச் செய்து சேர்க்க அவ்வளவு நேரம் பிடித்தது. சேர்ந்ததும் வாசிப்பைப் பூட்டிவிட்டது. ஆக, ஐ செய்வது தூண்டும் பொருளை அல்ல, அடக்கும் பொருளை. 1961-இல் ஜாகோபும் மோனோவும் இதை முழுக் கோட்பாடாக எழுதினார்கள். 1965-இல் ஆந்த்ரே லுவோஃபோடு நோபல். அந்த அடக்கிப் புரதத்தைக் கையில் பிடித்துக்காட்ட 1966 வரை ஆயிற்று. வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதைப் பிரித்தெடுத்தார்கள். கஷ்டம் புரிந்துகொள்ளக்கூடியதே, ஒரு செல்லில் இருப்பதே பத்துப் பிரதி போலத்தான்.

பூட்டு இயங்கும் விதம் எளிது. அடக்கிப் புரதம் நொதி மரபணுவின் தொடக்கத்தில் டிஎன்ஏவைக் கவ்விக்கொள்ளும். பாலிமரேஸால் வேலையைத் தொடங்க முடியாது. லாக்டோஸ் செல்லுக்குள் வந்தால் அதில் ஒரு பகுதி அல்லோலாக்டோஸ் ஆகும், அது அடக்கியோடு ஒட்டி அதன் வடிவத்தைக் கோண வைக்கும், பிடி நழுவும். ஐபிடிஜி என்பது அல்லோலாக்டோஸ் போல நடிக்கும் செயற்கைப் பொருள். பாக்டீரியாவால் அதைச் செரிக்க முடியாது என்பதால் தீராமல் வேலை செய்யும். நான் பயன்படுத்திய இனத்தில் அடக்கிப் புரதம் வழக்கத்தைவிட அதிகமாக உண்டாகும்படி செய்திருந்தார்கள். அதனால்தான் ஐபிடிஜி இல்லாத என் பிளேட்டில் எல்லாம் இறுகப் பூட்டிக் கிடந்தது.

இதில் ஒரு வேடிக்கையான முடிச்சு உண்டு. லாக்டோஸ் உள்ளே வர ஒரு வாசல் புரதம் வேண்டும். அல்லோலாக்டோஸ் ஆக்க அந்த நொதியே வேண்டும். இரண்டும் பூட்டுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அப்படியானால் முதல் லாக்டோஸ் எப்படி உள்ளே வரும், யார் அதை மாற்றுவார்கள்? பூட்டு கசிகிறது என்பதுதான் விடை. அடக்கி அவ்வப்போது விலகும், ஓரிரு படிகள் எடுக்கப்படும், செல்லுக்குச் சில நொதிகள் எப்போதும் இருக்கும். தூண்டிய நிலையில் இருப்பதோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்தக் கசிவு இல்லாமல் பூட்டு கச்சிதமாக இருந்திருந்தால், சாவியே உள்ளே போயிருக்காது. பொறியாளர் எவராவது வரைந்திருந்தால் இந்தக் கசிவை முதல் நாளே அடைத்திருப்பார்.

பாக்டீரியாவில் ஒரு பூட்டு. நம் செல்களில் பூட்டு பல அடுக்கு. ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் இரண்டு மீட்டர். அதை அடக்கும் உட்கருவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஓர் உருளையில் 147 எழுத்து நீளத்துக்கு டிஎன்ஏ சுற்றியிருக்கும், அடுத்து இன்னோர் உருளை, அடுத்து இன்னொன்று. சுற்றியிருக்கும் இடத்தில் பாலிமரேஸ் எளிதில் உட்கார முடியாது. அதனால் நம்மிடம் சும்மா இருப்பதே அணைந்திருப்பதுதான். ஒரு மரபணுவை வாசிக்க வேண்டும் என்றால் முதலில் சுற்றைத் தளர்த்த வேண்டும், ஹிஸ்டோன்களின் வால்களில் அசிட்டைல் போன்ற சிறு வேதிக் குறிகளை ஒட்ட வேண்டும், உதவிப் புரதங்கள் வந்து கூட வேண்டும். இந்தக் குறிகளைப் படிக்கும் துறைக்கு எபிஜெனடிக்ஸ் என்று பெயர். இதே சொல்லை வைத்துக்கொண்டு 'உங்கள் எண்ணங்களால் மரபணுவை மாற்றி எழுதலாம்' என்று காணொளி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். குறிகள் மாறுகின்றன, உண்மை. அதற்குச் செல் வைத்திருக்கும் நொதிகளும் விதிகளும் வேறு. காலையில் கண்ணாடி முன் நின்று சொல்லும் வாசகங்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

அணைந்திருப்பதை உறக்கம் என்று நினைத்துவிடவும் கூடாது. இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிடோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள பூதாகரமான குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். படியெடுத்தல் மும்முரமாக நடக்கும் இடங்கள் அவற்றில் புடைத்துக்கொண்டு தெரியும். ஒரு நாள் யாரோ இன்குபேட்டரின் வெப்பத்தைக் கூட்டிவிட்டார்கள். ரிடோசா பார்த்தால், வழக்கமான புடைப்புகள் மறைந்து புது இடங்களில் புடைப்பு, அதுவும் சில நிமிடங்களில். 1962-இல் வெளியான அந்தக் கட்டுரையை முதலில் ஒரு பெரிய இதழ் திருப்பி அனுப்பியிருந்தது. வெப்பத்தில் குலையும் மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் புரதங்களின் மரபணுக்கள்தான் அங்கே விழித்தன என்பது பின்னாளில் தெரிந்தது. எப்படி அவ்வளவு வேகம்? அந்த மரபணுக்களில் பாலிமரேஸ் ஏற்கனவே ஏறி, முப்பது நாற்பது எழுத்து கோத்து, அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது. ஓட்டப்பந்தயத்தில் கோட்டுக்கு ஓரடி முன்னாலேயே போய் நின்று விசிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி. இன்குபேட்டரில் தவறு செய்த அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மாறாக, சில மரபணுக்கள் நிஜமாகவே எழ மறுக்கும். பெண் பாலூட்டிகளின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. கருவின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒன்றைப் பெரும்பாலும் அணைத்துவிடுகிறது. 1961-இல் மேரி லயன் சொன்னது இது. மூவண்ணப் பூனையின் செம்பட்டையும் கறுப்புமான திட்டுகள் அதன் வெளிச்சாட்சி. எந்த எக்ஸ் அணைந்தது என்பது இடத்துக்கு இடம் வேறு. 2001 கடைசியில் அமெரிக்காவில் உலகின் முதல் நகல் பூனை பிறந்தது; நகலெடுக்கப் பயன்பட்ட செல் ஒரு மூவண்ணப் பூனையுடையது. பிறந்த குட்டியிடம் செம்பட்டை ஒரு மயிர்கூட இல்லை. நகல் எடுத்த செல்லில் செம்பட்டைக்கான எக்ஸ் அணைந்திருந்தது, முட்டைக்குள் போயும் அது விழிக்கவில்லை. செல்லப் பிராணியை நகலெடுத்துத் தருகிறோம் என்பவர்கள் முதலில் காட்ட வேண்டிய படம் அந்தப் பூனையுடையது.

'ஸ்விட்ச்' என்ற உவமை எனக்குப் பாதிதான் பிடிக்கும். ஸ்விட்ச் விளக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். மரபணுவுக்கு அப்படியில்லை. 1981-இல் எஸ்வி40 என்ற வைரஸிலிருந்து எடுத்த ஒரு சிறு துண்டு, முயலின் குளோபின் மரபணுவின் வாசிப்பை 200 மடங்கு கூட்டியது. முன்னால் வைத்தாலும், பின்னால் வைத்தாலும், தலைகீழாகத் திருப்பி வைத்தாலும். என்ஹான்சர் என்று பெயர் வைத்தார்கள். நம் கை கால் விரல்களை வகுக்கும் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணுவின் என்ஹான்சர் அதிலிருந்து சுமார் பத்து லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவின் வயிற்றுக்குள் இருக்கிறது. டிஎன்ஏ வளைந்து கொடுத்து இரண்டையும் அருகே கொண்டுவருகிறது. அந்த என்ஹான்சரில் ஓர் எழுத்து மாறினால் ஆறாவது விரல் முளைக்கலாம். பாம்பில் இதே என்ஹான்சர் சிதைந்து கிடக்கிறது. மரபணு அப்படியே இருக்கிறது, காலுக்கான கட்டளைதான் போய்விட்டது. பாம்பின் அந்தத் துண்டை எலியில் மாற்றி வைத்தபோது, எலிக் குட்டி கால் வளராமல் பிறந்தது.

இப்போது மறுபடி பால் சர்க்கரைக்கு வருகிறேன், இந்தக் கட்டுரையே அதற்காகத்தான் என்றும் சொல்லலாம். குட்டியாக இருக்கும்வரை ஏறக்குறைய எல்லாப் பாலூட்டிகளும் லாக்டேஸ் என்ற நொதியால் லாக்டோஸைச் செரிக்கும். பால்குடி மறந்ததும் குடல் அந்த மரபணுவை மெல்ல அணைத்துவிடும். உலகின் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கும் அப்படித்தான். பால் ஒத்துக்கொள்ளாத இவர்களுக்கு ஏதோ மரபணுக் குறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குறையே இல்லை, லாக்டேஸ் மரபணு அச்சு பிசகாமல் இருக்கிறது. மாறியவர்கள் மற்றவர்கள். 2002-இல் ஃபின்லாந்துக் குடும்பங்களில் தேடியபோது, லாக்டேஸ் மரபணு தொடங்குவதற்கு 13,910 எழுத்து முன்னால், பக்கத்து வீடான எம்சிஎம்6 மரபணுவுக்குள், சி (C) என்ற எழுத்து இருக்க வேண்டிய ஓர் இடத்தில் டி (T) இருந்தது. அந்த ஓர் எழுத்து இருப்பவர்களுக்கு அணைய வேண்டியது அணைவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் அதே பகுதியில் சில எழுத்து தள்ளி வேறொரு மாற்றம், அதே விளைவு. அணைந்தவர்களின் பெருங்குடலுக்குச் செரிக்காத லாக்டோஸ் போய்ச் சேரும்போது, அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் தங்கள் பூட்டைத் திறந்து அதைத் தின்கின்றன. வயிற்று உப்புசம் என்பது வேறொருவரின் மரபணு ஓடும் சத்தம்.

அணைக்கப்பட்டதைத் திரும்ப எழுப்பி நோயைத் தீர்த்த கதை ஒன்று இருக்கிறது. கதிர் அரிவாள் சோகை, ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினின் மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதால் வருவது. ஆனால் இந்நோய் உள்ள குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்கள்வரை தொந்தரவு இருப்பதில்லை என்பதை 1940-களிலேயே ஜேனட் வாட்சன் கவனித்தார். கருவில் இருக்கும்போது நமக்கு வேறு ஹீமோகுளோபின், அதற்கு வேறு மரபணு. 11-ஆம் குரோமோசோமில் கரு, சிசு, பெரியவர் என்று பயன்படும் வரிசையிலேயே இந்த மரபணுக்கள் அடுக்கியிருக்கின்றன. வரிசையைப் பார்க்கும்போது யாரோ நாட்காட்டி எழுதி வைத்தது போல இருக்கும். பிறந்த பிறகு சிசுவின் மரபணுவை அணைப்பதில் முக்கியமான ஆள் பிசிஎல்11ஏ என்ற அடக்கிப் புரதம் என்பது 2008-இல் தெரிந்தது.

சரி, அந்த அடக்கியை அழித்துவிட்டால்? முடியாது, மூளைக்கும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் அது வேண்டும். ஆனால் சிவப்பணுக்களை உண்டாக்கும் செல்களில் மட்டும் அந்த அடக்கியை ஓடவைக்கும் ஓர் என்ஹான்சர் இருக்கிறது. நோயாளியின் எலும்பு மஜ்ஜை தாய்ச்செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் அந்த என்ஹான்சரை மட்டும் வெட்டி, திரும்ப உடலுக்குள் செலுத்துகிறார்கள். என்ஹான்சர் போனதால் அடக்கி குறைகிறது, அடக்கி குறைந்ததால் சிசுக்கால ஹீமோகுளோபின் திரும்ப வருகிறது. கேஸ்கெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. கிரிஸ்பரால் ஆன முதல் மருத்துவம் இதுதான். கெட்டுப்போன பீட்டா மரபணுவை யாரும் தொடவில்லை. அந்தத் தவறான எழுத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. பூட்டிக் கிடந்த நல்லதன் பூட்டைத்தான் உடைத்தார்கள். சிலார்ட் சொன்ன அதே 'தடையை நீக்கு', அறுபது வருடம் கழித்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மறுநாள் காலையும் முதல் ஆளாகத்தான் போனேன். புதுப் பிளேட்டில் இருபது புள்ளிகள். 17 நீலம், 3 வெள்ளை. பழைய பிளேட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்; எந்தக் காலனியைத் தொட்டேன் என்று அடியில் எண் எழுதியிருந்தேன். நான்காம் எண் இங்கே பால் வெள்ளை, அங்கே அடர் நீலம். ஒரே பாக்டீரியா, ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"மூணு இருக்கே, போதும்," என்று அக்கா அந்த மூன்று வெள்ளையை வளர்க்கக் குழாய்களை எடுத்து வைத்தார். நான் நான்காம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.